வேகத்தடையில் தங்கிவிட்ட இருமல்

வரிசையாகச் சொல்கிறேன். வரிசை தவறினால் நடந்த அநியாயம் விதி மாதிரி ஆகிவிடும். விதி என்று ஆனபிறகு யாரையும் கேள்வி கேட்க முடியாது.

முதலாவது, கொடித்தண்டலத்து ஏரியைக் காகிதத்தில் தரிசு என்று எழுதினார்கள்; அந்த ஆண்டு ஏரியில் இரண்டு ஆள் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றது. இரண்டாவது, அந்தத் தரிசின்மேல் கார் கம்பெனி எழுந்தது; மாடுகள் போய்வந்த பாதையில் கம்பி வேலி வந்தது, மாடுகள் நான்கு நாள் வேலியோரம் நின்று பார்த்தன, பிறகு விற்கப்பட்டன. மூன்றாவது, வீட்டுக்கு ஒரு வேலை என்றார்கள். வீட்டுக்கு ஒரு துடைப்பம் கிடைத்தது, அதுவும் ஒப்பந்தக்காரன் கையால். நான்காவது, கம்பெனி வாசலிலிருந்து நெடுஞ்சாலை வரைக்கும் எங்கள் ஊரை இரண்டாகக் கிழித்து நூல் பிடித்தமாதிரி ஒரு ரோடு போட்டு, அதில் புது வண்டிகளை ஓட்டிப் பார்த்தார்கள். அப்படிப் பார்த்ததில் மூன்று வருஷத்தில் ஐந்து உயிர் போனது, ஐந்தாவது உயிர் பள்ளிக்கூடப் பையோடு போனது. ஐந்தாவது, அந்தப் பிள்ளைக்காக நாற்பத்தொரு நாள் ரோட்டில் உட்கார்ந்து, லத்தியடி வாங்கி, பதினெட்டுப் பேர் உள்ளே போய், ஒரு வேகத்தடையை வாங்கினோம். அதை வெற்றி என்று நோட்டீஸ் அடித்தேன். வெற்றியையும் இந்த வரிசையில் சேர்க்க வேண்டிவரும் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

வேகத்தடை இருந்தால் வண்டி தணிய வேண்டும், ஏற வேண்டும், இறங்க வேண்டும், பிறகு மறுபடி மிதிக்க வேண்டும். அந்த மிதியில்தான் டீசல் வண்டி தன் வயிற்றில் இருப்பதையெல்லாம் கக்குகிறது. வண்டி தணிகிற இடத்தில் யாராவது எதையாவது விற்கத்தான் செய்வார்கள். செங்கல் சூளையில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு வந்த ஒருத்தி, அலுமினிய அண்டாவில் அவித்த வேர்க்கடலையோடு எங்கள் வேகத்தடையின் இடது ஓரத்தில் உட்கார்ந்தாள். வேகத்தடையில் உட்கார்ந்ததால் அவளை ஊர் தடையக்கா என்றது. பதினோரு வருஷம் அங்கேயே உட்கார்ந்தாள். கம்பெனி வண்டியிலிருந்து கரும்புகை வந்திருந்தால் நாலு பேர் கேட்டிருப்பார்கள்; வந்தது கண்ணுக்குத் தெரியாத புகை, தொண்டைக்கு மட்டும் தெரிந்த புகை. 'காற்றைக் கழுவிவிடும் கார்' என்று கம்பெனி விளம்பரப் பலகை வைத்திருந்தது, அந்தப் பலகையின் நிழலில்தான் அவள் வெயிலுக்கு ஒதுங்குவாள்.

ஏழாவது வருஷம் இருமல் வந்தது, ஒன்று நீளமாக, இரண்டு குட்டையாக. பெரியாஸ்பத்திரி டாக்டர், "புகை பிடிக்கிற பழக்கம் உண்டா?" என்று கேட்டபோது அவள் சிரித்துவிட்டாள். "நான் எங்க சார் பொகையைப் புடிச்சேன், அதுதான் என்னைப் புடிச்சிக்கிச்சி" என்றாள். பதினோராவது வருஷம் ஆடி மாதத்தில் செத்துப்போனாள்.

ஆஸ்பத்திரியில் படிவத்தை நிரப்பியது நான். அவளுடைய அட்டைகளெல்லாம், குடிசை ஒழுகும் என்று, திருப்பூரில் பனியன் கம்பெனி விடுதியில் இருந்த மகளின் பெட்டியில் இருந்தன. பெயர் என்ற இடத்தில் நான் கொஞ்சமும் யோசிக்காமல் 'தடையம்மாள்' என்று எழுதினேன். முப்பத்தெட்டு வருஷம் நோட்டீஸ் எழுதியவன் நான். இந்த மாவட்டத்துக்கு வந்துபோன கலெக்டர்கள் அத்தனை பேருடைய பெயரும் இனிஷியலோடு எனக்கு மனப்பாடம், என்னை அடித்த ஏட்டுகளின் பெயர் தெரியும். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மட்டும் என் நோட்டீஸில் 'தாய்மார்கள்' என்றும் 'உழைக்கும் மக்கள்' என்றும்தான் இடம். குழிக்காரர், "மூணு தரம் பேரச் சொல்லி மண்ணு தள்ளணும், பேரு இன்னா?" என்று கேட்டபோதும் அதே பெயரைத்தான் சொன்னேன். ஊர்ச்சுவர் முழுக்கக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டினேன், அதிலும் 'வீரத்தாய் தடையம்மாள்'.

மகள் நதியா மறுநாள்தான் வந்து சேர்ந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கி, போஸ்டர் முன்னால் நின்று, படத்தைப் பார்த்தாள், எழுத்தைப் பார்த்தாள்.

"யாரு மாமா இது, தடையம்மாள்?"

"உங்கம்மாதாம்மா."

"எங்கம்மாவுக்குப் பேரு இல்லியா?"

திருத்திவிடலாம் என்றேன். அவள் அந்தப் பெயரைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு, கம்பெனியிலிருந்து வந்த ஒரு வெள்ளை டீசல் கார் வேகத்தடையில் தணிந்து, ஏறி, இறங்கி, மிதித்தபோது, இடது ஓரத்தில், ஆள் இல்லாத இடத்தில், ஒன்று நீளமாகவும் இரண்டு குட்டையாகவும் இருமல் கேட்டது. எதிரே டீக்கடையில் பால் ஆற்றிக்கொண்டிருந்த தணிகாசலம் திரும்பிக்கூடப் பார்க்காமல், "அக்கா, தண்ணி குடிக்கா" என்று சொல்லி ஒரு கிளாஸில் தண்ணீர் மொண்டு எடுத்துக்கொண்டு ரோட்டைக் கடந்தவன், நடு ரோட்டில்தான் அவள் செத்துவிட்டது ஞாபகம் வந்து நின்றான். நின்றவன் திரும்பிப் போகவில்லை. கிளாஸை, வழக்கமாக அவளுக்கு வைக்கிற கல்லின்மேல் வைத்துவிட்டு வந்து பாலை ஆற்றினான்.

முதல் வாரம் ஆட்கள் தள்ளி நடந்தார்கள், இரண்டாவது வாரம் பக்கத்தில் நடந்தார்கள், மூன்றாவது வாரம் இருமல் ஊரில் ஒருத்தி ஆகிவிட்டது. லாரிக்கு அது இருமவில்லை, பஸ்ஸுக்கு இருமவில்லை, வேறு எந்தக் கம்பெனி காருக்கும் இருமவில்லை, இந்தக் கம்பெனி டீசல் வண்டி கடந்தால் மட்டும் இருமியது. மூச்சிளைப்புப் பிள்ளை வைத்திருந்த தாய்கள் அதைக் கேட்டு ஜன்னலைச் சாத்தப் பழகினார்கள், சாத்திய ஜன்னலுக்குள்ளிருந்து "சரிக்கா, சாத்திட்டேன்" என்று பதிலும் சொன்னார்கள். கண்டக்டர்கள் பழைய நிறுத்தத்தின் பெயரை விட்டுவிட்டு "இருமல் எறங்கு, இருமல் எல்லாம் எறங்கு" என்றார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து, தடையக்கா எங்கள் வாரச் சந்தையிலும் இரண்டு வருஷம் கடலை விற்றாள், இருமலில் எங்களுக்கும் பாத்தியம் உண்டு, திருவிழாவுக்கு மூன்று நாள் அனுப்பிவையுங்கள் என்று பஞ்சாயத்து பேசினார்கள். எங்கள் தலைவர், "அது இன்னாய்யா ரிக்கார்டு டான்ஸா, வேன்ல ஏத்தி அனுப்ப?" என்று திட்டி விரட்டினார்.

கம்பெனி முதலில் ஒலி அளக்கிறவர்களை அனுப்பியது. பிறகு அந்த ஓரத்தில் அரளிச் செடி வைத்தது. பிறகு, வேகத்தடையை எடுத்துவிட்டால் போக்குவரத்து சீராகும் என்று பஞ்சாயத்துக்கு மனுப் போட்டது. எந்த வேகத்தடைக்காக நாற்பத்தொரு நாள் உட்கார்ந்தோமோ அதன்மேல் மறுபடியும் ஏறி உட்கார்ந்தோம், இந்தத் தடவை அது போகாமல் இருக்க. பேர் சொல்லி அனுப்பாததால்தான் அவள் தங்கிவிட்டாள் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் யாரும் நதியாவிடம் பெயரைக் கேட்கவில்லை, ஏனென்றால் இருமல் எங்களுக்குத் தேவைப்பட்டது.

அந்தச் சமயத்தில்தான் செய்தி வந்தது. எங்கோ வடக்கே நாலைந்து இன்ஜினியர்கள் இந்த வண்டியின் பின்புறம் ஒரு கருவியைக் கட்டி ஊர் ஊராக ஓட்டி, ரோட்டில் அது விடுகிற நச்சு, சோதனைக் கூடத்தில் விடுவதைப்போல இருபது மடங்கு என்று கண்டுபிடித்திருந்தார்கள். சோதனைக் கூடத்தில் வண்டியை உருளைமேல் ஏற்றி ஓட்டுவார்கள். சக்கரம் சுற்றும், ஸ்டியரிங் திரும்பாது. சக்கரம் சுற்றி ஸ்டியரிங் அசையாவிட்டால் இது சோதனை என்று புரிந்துகொண்டு யோக்கியமாக மூச்சுவிடவும், ஸ்டியரிங் அசைந்தால் இது ரோடு என்று புரிந்துகொண்டு புகைவடிகட்டியை மூடிவிடவும் வண்டிக்குள் ஒரு மென்பொருளை எழுதி வைத்திருந்தார்கள். இதை நான் டீக்கடையில் அரை மணி நேரம் விளக்கினேன்.

"இதுக்கு எதுக்குய்யா இத்தினி பேச்சு?" என்றான் தணிகாசலம். "இன்ஸ்பெக்சன் அன்னிக்கி மட்டும் முட்டை போடற சத்துணவுக் கூடம். அவ்ளோதான?"

நதியா பெயரில் வழக்குப் போட்டோம். நஷ்டஈடு கேட்கவில்லை, அந்த வண்டிகளை ரோட்டிலிருந்து எடுக்க வேண்டும், அவளுடைய தாய் அந்தப் புகையால் செத்தாள் என்று நீதிமன்றம் அறிவிக்க வேண்டும், இவ்வளவுதான் கேட்டோம். "மூச்சு நின்னுபோய் செத்துச்சின்னு எழுதிக் குடுத்துக்கீறாங்க" என்றாள் நதியா. "மூச்சு நின்னாத்தான சாவு? ஏன் நின்னுச்சின்னு ஒரு காயிதத்துல இருக்கட்டும். எனக்கு அது போதும்." எங்கள் வக்கீல் ஜபருல்லா, இறப்புச் சான்றிதழில் பெயரைத் திருத்திவிட்டுப் போடலாம் என்றார். தாலுகா ஆபீஸுக்கு ஆறு மாதம் அலைய வேண்டும், முதலில் வழக்கு நிற்கட்டும், பெயர் எங்கே ஓடிவிடப் போகிறது என்று சொன்னவன் நான்.

நீதிமன்றம் ஒரு ஆணையரை, ஒரு இளம் வக்கீலை, நேரில் பார்த்து எழுத அனுப்பியது. கம்பெனி தன் காரை லாரியில் ஏற்றி, மாப்பிள்ளையை இறக்குகிறமாதிரி ஒரு பர்லாங்கு தள்ளி இறக்கியது. வெள்ளைக் கையுறை போட்ட டிரைவர் நேர் ரோட்டில் வந்தார், ஏறினார், இறங்கினார், மிதித்தார். சத்தமே இல்லை. இரண்டாவது தரமும் இல்லை. கம்பெனி வக்கீல் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அக்கா எங்களைக் கைவிட்டுவிட்டாளோ என்று நினைத்தேன்.

தணிகாசலம் என் காதோரம் வந்தான். "யோவ் நோட்டீசு, அவன் கையப் பாத்தியா? ஸ்டியரிங்க பொணம் மாதிரி புடிச்சிக்கினு வரான்யா. வண்டி இது டெஸ்ட்டுன்னு நெனச்சிக்கினு கீது."

மூன்றாவது தரம் கார் வந்தபோது அவன் கடை பெஞ்சை இழுத்து நடு ரோட்டில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டான். டிரைவர் பதறி ஒடித்தார், ஸ்டியரிங் திரும்பியது, ரோட்டில் இருக்கிறோம் என்று வண்டிக்குத் தெரிந்தது, மிதித்த மறுநொடி ஒன்று நீளமாக, இரண்டு குட்டையாக.

"இதென்ன அராஜகம்?" என்றார் கம்பெனி வக்கீல்.

"டீக்கட பெஞ்சு காத்து வாங்கக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துல கீது சார்?" என்றான் தணிகாசலம்.

ஆணையர், "யாராவது தண்ணி குடுங்க அவங்களுக்கு" என்று சொல்லிவிட்டு, பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினார்: 'இடது ஓரத்தில் பெண் குரலில் இருமல் கேட்டது. இருமியவர் காணப்படவில்லை.'

அந்த ஒரு வரியைக் கையில் வைத்துக்கொண்டு ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். விசாரணை அன்று சென்னையிலிருந்து வந்த கம்பெனியின் மூத்த வக்கீல் மெதுவாக, தூங்குகிற பிள்ளையைத் தட்டிக்கொடுக்கிற குரலில் பேசினார். வடிகட்டியை மூடுவது ஏமாற்று அல்ல, இன்ஜின் சூடாகாமல் காக்கும் ஏற்பாடு என்றார். சட்டம் எங்கே சோதிக்கச் சொல்கிறதோ அங்கே வண்டி சுத்தமாகவே இருந்தது, சட்டம் கேட்காத இடத்தில் எப்படி இருந்தது என்பது கேள்வியே அல்ல என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தடையம்மாள் என்று ஒருவர் வாக்காளர் பட்டியலில் இல்லை. ரேஷன் அட்டையில் இல்லை. எந்த ஊர்ப் பிறப்புப் பதிவிலும் இல்லை. பிறக்காதவர் எப்படி இறந்தார்? மூச்சே விடாத ஒருவருக்கு எப்படி மூச்சு நின்றது? இருமல் இருக்கிறது, நாங்கள் மறுக்கவில்லை. அது யாருடையது? ஊர்ப் பொது இருமலுக்கெல்லாம் என் கட்சிக்காரர் பொறுப்பாக முடியாது."

நீதிபதி, ஒரு அம்மா, எங்கள் பக்கம் திரும்பினார். "இறந்தவரின் பெயர் என்ன?" ஜபருல்லா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். கம்பெனி எங்களிடமிருந்து ஏரியை எடுத்தது, பாதையை எடுத்தது, காற்றை எடுத்தது. அவளுடைய பெயரை எடுத்தது கம்பெனி இல்லை.

நதியா எழுந்து, பெட்டியிலிருந்து கொண்டுவந்த அட்டையை நீட்டினாள். நீதிபதி படித்தார், உரக்கப் படிக்கவில்லை.

"பேரு கீதும்மா. இங்க கூப்டாதீங்க. எங்கம்மா அங்க கீது. இங்க கூப்ட்டா யாரு பதில் சொல்றது?"

நீதிபதி பேனாவை மூடி, திறந்து, எழுதினார்: இருமல் யாருடையது என்பதை அறிய, அட்டையில் உள்ள பெயரை, அந்த இடத்திலேயே, சாட்சிகள் முன்னிலையில், வழக்கப்படி மூன்று முறை அழைக்க வேண்டியது, பதில் இருப்பின் பதிவு செய்ய வேண்டியது.

ஊர் திரும்பிய மத்தியானம் டீக்கடையில் நான் அவளிடம் கெஞ்சினேன். யாரிடமும் கெஞ்சாதவன், கெஞ்சினேன். உரிய பெயரை மூன்று தரம் கேட்டுவிட்டால் அக்கா போய்விடுவாள், அவளோடு எங்கள் ஒரே சாட்சியும் போய்விடும் என்றேன்.

"இன்னும் ரெண்டு வாய்தாம்மா. மேலதிகமா ஒரு மனு போட்டு இந்த உத்தரவைத் தள்ளி வெப்போம். தீர்ப்பு வரைக்கும் அக்கா இருக்கட்டும். இது ஒரு ஆளோட விசயம் இல்ல, மக்களோட..."

"மக்கள் மக்கள்னு சொல்றீங்களே மாமா, அதுல எங்கம்மா எத்தினியாவது ஆளு?"

அவள் கிளாஸைக் கீழே வைத்தாள்.

"தெனம் சாயங்காலம் ஏழு மணிக்கு போன் பண்ணும். நாலு வருசம். ஒரு நாள் ஒரு தரம் எங்கிட்ட இருமினதில்ல. நல்லாக்கீறேன், நல்லாக்கீறேன்னு சொல்லும். நடுவுல பேச்சு நிக்கும், டவர் இல்லன்னு நெனச்சிக்குவேன். முந்தானைய வாயில அடச்சிக்கினு இருந்துதுன்னு இங்க வந்துதான் தெரியும். இப்பவும் நான் அந்தக் கல்லாண்ட ஒக்காந்தா இருமறதில்ல மாமா. நீங்கல்லாம் கேட்டுக்கீறீங்க, நான் இன்னும் கேக்கல. காரு போவும், துணிய அழுத்தற சத்தம் மட்டும் வரும். செத்தும் அடக்கிக்கினு கீது, எனக்குத் தெரியக் கூடாதுன்னு. உங்க கேசுக்கு அது இன்னும் எத்தினி வருசம் அடக்கணும்?"

தணிகாசலம் பால் பாத்திரத்தை இறக்கி வைத்தான். "வுட்டுடு நோட்டீசு. ஒன்றரை வருசமா கிளாஸ் வெக்கறேன். ஒரு நாளும் தண்ணி கொறஞ்சதில்ல."

இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், கடைசியில் சொல்ல எனக்கு மனம் வராது. பெயர் சொல்லிக் கூப்பிட்ட அந்த நாளுக்குப் பிறகு கொடித்தண்டலத்தில் இருமல் கேட்கவில்லை. வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. புகையால் செத்தாள் என்று சொல்லப் போதிய சாட்சியம் இல்லை என்றது தீர்ப்பு. மேல்முறையீட்டில், குறிப்பிட்ட தேதிமுதல் இருமல் நின்றுவிட்டதால் அப்பகுதிக் காற்று சுத்தமாகிவிட்டது என்று கம்பெனி பிரமாணப் பத்திரம் போட்டிருக்கிறது. கண்டக்டர்கள் இன்னும் "இருமல் எறங்கு" என்கிறார்கள், புதிதாக வருகிறவர்கள் ஏன் என்று கேட்கிறார்கள். மூச்சிளைப்புப் பிள்ளைகளின் தாய்களுக்கு எந்த வண்டிக்கு ஜன்னலைச் சாத்துவது என்று தெரியவில்லை, எல்லா வண்டிக்கும் சாத்துகிறார்கள். எங்களிடம் மிஞ்சியது அன்றைய பதிவேட்டில் நீதிபதி தன் கையால் எழுதிய ஒரே வரி.

அன்று காலை பத்து மணி. நீதிபதியே நேரில் வந்து, வேகத்தடையோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். ஆணையர், தணிகாசலம், ஒரு பஸ் கண்டக்டர், கம்பெனி வாசல் காவலாளி என்று நான்கு பேரைச் சாட்சியாக நிறுத்தினார்கள். ஊர் இரண்டு ஓரமும் நின்றது. பிள்ளைகளைக்கூட யாரும் அதட்டவில்லை, அவை தாமாகவே நின்றன. ஸ்டியரிங்கைத் திருப்பித் திருப்பித்தான் ஓட்ட வேண்டும் என்று டிரைவருக்கு உத்தரவு. கோர்ட்டில் பேர் கூப்பிடுகிற டவாலி தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு காகிதத்துக்குக் கை நீட்டினார். நதியா தரவில்லை.

"தப்பா எழுதினவரே சரியாப் படிக்கட்டும்மா."

நீதிபதி என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

நான் காகிதத்தை வாங்கினேன். நதியாவின் கையெழுத்தில் இரண்டு வரி. ஆயிரம் கூட்டத்தில் பேசிய தொண்டை எனக்கு. கார் நெளிந்து நெளிந்து வந்து, ஏறி, இறங்கி, மிதித்தது. நான் முதல் தரம் படித்தேன். துணியை வாயில் அழுத்துகிற சத்தம் கேட்டது, வேறொன்றும் கேட்கவில்லை.

"கோஷம் போடாதீங்க மாமா" என்றாள் நதியா. "கூப்புடுங்க."

கார் திரும்பி வந்தது. குரலைத் தணித்து, பக்கத்து வீட்டில் நெருப்புக் கேட்கிறமாதிரி இரண்டாம் தரம் கூப்பிட்டேன். துணி விலகியது. ஒன்று நீளமாக, இரண்டு குட்டையாக, எதையும் மறைக்காமல், பதினோரு வருஷத்தையும் திறந்துவிட்டமாதிரி இருமினாள். நதியா தன் தாயின் இருமலை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, கல்லின் பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்தாள். "பதிவு செய்கிறேன்" என்றார் நீதிபதி, நிமிராமல்.

மூன்றாம் தரம் கூப்பிடும்வரைக்கும் யாரும் அந்தக் கல்லைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒரு தரம் நிறுத்தலாமா என்று எனக்குத் தோன்றியது, இரண்டு போதும் என்று சொல்லலாமா என்று தோன்றியது. நதியா நிமிர்ந்து பார்த்தாள். நான் படித்தேன்.

"வந்தவாசி தாலுகா, கீழ்ச்சேவூர் கிராமம், கன்னியப்பன் மகள், மண்ணாங்கட்டி மனைவி, நதியாவின் தாயார், பூங்காவனம்."